குமரி மாவட்டத்தில் தன்னார்வலர் உழைப்பில் ஒரு வீடு: சபைகளுக்கும் பங்குகளுக்கும் ஒரு வழிகாட்டி

ஏழைக் குடும்பத்துக்குத் திருச்சபை வீடு கட்டித் தருவது குமரி மாவட்டத்துக்குப் புதிதல்ல. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரை ஊர்களில் எழுந்த குடியிருப்புகள் பலவற்றில் திருச்சபை அமைப்புகளின் பங்கு இருந்தது. ஆனால் பேரிடர்க் காலத்தில் வெளியிலிருந்து வந்த நிதியைக் கொண்டு ஒப்பந்தக்காரர் முடித்துக் கொடுத்த வீடு வேறு. சாதாரணமான ஓர் ஆண்டில், ஊர் இளைஞர்களும் வீட்டுக்குரிய குடும்பமும் சேர்ந்து மண் சுமந்து, கல் எடுத்துக் கொடுத்துக் கட்டும் வீடு வேறு. இந்தக் கட்டுரை இரண்டாவது வகையைத் தொடங்க நினைக்கும் வாலிபர் ஐக்கியங்களுக்கும், அன்பியங்களுக்கும் (பங்குக்குள் இயங்கும் சிறு குடும்பக் குழுக்கள்), பங்குப் பேரவைகளுக்கும் எழுதப்படுகிறது. வானம் (அடித்தளப் பள்ளம்) தோண்டும் நாளுக்கு முன்னால் முடித்திருக்க வேண்டிய வேலைதான் இதில் பெரும் பகுதி என்பதால், மண்வெட்டியைப் பற்றிய பேச்சு கட்டுரையின் பாதிக்குப் பிறகுதான் வரும்.

இந்த முறை வந்த வழி

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அமெரிக்கஸ் என்னும் ஊருக்கு அருகே, கிளாரன்ஸ் ஜோர்டன் என்பவர் 1942-இல் கொய்னோனியா என்ற கிறிஸ்தவக் கூட்டுப் பண்ணையைத் தொடங்கினார். 1968-இல் அவரும் மில்லர்ட் புல்லர் என்ற வழக்கறிஞரும் சேர்ந்து வகுத்த திட்டம் எளிமையானது: லாபம் வைக்காத விலையில் வீடு, வட்டியில்லாத கடன், திரும்பி வரும் தவணைப் பணத்தில் அடுத்த வீடு. புல்லர் தம்பதியர் 1973 முதல் மூன்று ஆண்டுகள் அன்றைய சையர் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) நாட்டில் அதைச் செய்து பார்த்துவிட்டுத் திரும்பி, 1976-இல் ஹேபிடட் ஃபார் ஹியூமானிட்டி என்ற அமைப்பை நிறுவினர். 1984-இல் முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் தம் மனைவியுடன் வந்து சுத்தியல் பிடித்ததால் உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது. அதற்கு ஓராண்டு முன்னரே, 1983-இல், அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் கம்மத்தில் அதன் இந்தியப் பணி தொடங்கிவிட்டது.

அந்த அமைப்போடு இணைந்துதான் செய்ய வேண்டும் என்பதில்லை. ஆனால் அது நடைமுறையில் நிலைநாட்டிய மூன்று விதிகளை எடுத்துக்கொள்வது நல்லது. முதலாவது, குடும்பம் தன் உழைப்பைக் கணக்கு வைத்துக் கொடுக்க வேண்டும். இரண்டாவது, அமைப்பு போடும் பணத்தில் ஒரு பகுதியாவது வட்டியில்லாக் கடனாக இருந்து, சிறு தவணைகளில் திரும்ப வேண்டும். யாத்திராகமம் 22:25 ஏழைக்குக் கொடுத்த கடனில் வட்டி சுமத்தாதே என்கிறதே தவிர, கடனே கொடுக்காதே என்று சொல்லவில்லை. மூன்றாவது, குடும்பத்தின் மதம் எதுவென்று பார்க்கக் கூடாது. இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே மூண்ட 1982 மண்டைக்காட்டுக் கலவரத்தை இன்னும் மறக்காத மாவட்டம் இது. வீட்டுக்கும் ஞானஸ்நானத்துக்கும் முடிச்சுப் போடுகிறார்கள் என்ற பேச்சு ஒருமுறை எழுந்துவிட்டால், செய்த நன்மை முழுவதும் அதில் கரைந்துவிடும். ஆகவே விண்ணப்பப் படிவத்தில் மதம் என்ற கட்டமே இருக்க வேண்டாம்.

குடும்பத்தைத் தெரிந்தெடுத்தல்

தெரிவுக் குழுவில் ஐந்து பேர் போதும். அவர்களில் இருவராவது சபைக்கு வெளியே உள்ளவர்களாக, உதாரணமாக ஓய்வுபெற்ற ஆசிரியராகவோ சுய உதவிக் குழுத் தலைவியாகவோ இருந்தால், போதகருக்கும் பங்குத்தந்தைக்கும் வரும் சிபாரிசு நெருக்கடி பாதி குறையும். தேவை, நிலம், உழைக்கும் மனம், தவணை கட்டும் திறன் ஆகிய நான்கையும் பார்க்க வேண்டும். இவற்றில் ஒன்றில் சற்றுப் பின்தங்கினாலும் ஏற்கலாம். நிலத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

வீட்டை நேரில் போய்ப் பார்க்காமல் யாரையும் தேர்ந்தெடுக்க வேண்டாம். முடிந்தால் மழை பெய்யும்போது போங்கள். தார்ப்பாய் எங்கே விரிக்கப்பட்டிருக்கிறது, பிள்ளைகளின் புத்தகப்பை எந்த ஆணியில் தொங்குகிறது, இரவில் எத்தனை பேர் எந்த மூலையில் படுக்கிறார்கள் என்பவை எந்தச் சான்றிதழிலும் இருக்காது.

உழைப்புப் பங்கைக் குடும்பத்தின் தொழிலோடு பொருத்தியே கேட்க வேண்டும். ரப்பர் பால் வெட்டுகிறவர் விடியும் முன்பே தோட்டத்துக்குப் போய் நண்பகலுக்குள் வீடு திரும்பிவிடுவார். அவரிடம் பிற்பகல் நேரத்தைக் கேட்கலாம். சின்னமுட்டத்தில் விசைப்படகுக்குப் போகிறவருக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அது கட்டுமானக் காலத்தோடு நன்றாக ஒத்துப்போகிறது. குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கத்து விசைப்படகுக்காரருக்கோ தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, அதாவது கொட்டும் மழையில். அவர் உள்பூச்சுக்கும் வண்ணம் பூசுவதற்கும்தான் கிடைப்பார். நோயாளியோ முதியவரோ மட்டுமே உள்ள வீட்டில் உறவினரின் உழைப்பை அவர்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். ஓலைப்பாயில் உட்கார்ந்து வேலைக்காரர் வருகைப் பேரேட்டை எழுதும் பாட்டியின் மணிநேரமும் உழைப்புதான்.

நிலமும் ஆவணமும்

நம் மாவட்டத்தில் இத்தகைய முயற்சிகள் இடறி விழும் இடம் பெரும்பாலும் இதுதான். 'எங்க விளையில மூணு சென்ட் இருக்கு' என்று குடும்பம் சொல்லும். உண்மையில் அந்த மூன்று சென்ட், அதாவது ஏறக்குறைய 1,307 சதுர அடி, இறந்துபோன தாத்தாவின் பெயரில் இருக்கும். தாத்தாவுக்கு ஆறு பிள்ளைகள், அவர்களில் மூவர் மணமாகி வேறு ஊர்களில் வாழும் பெண்கள். வீடு எழும் வரை யாரும் வாய் திறக்க மாட்டார்கள். கூரை வார்த்த பிறகு பங்கு கேட்டு நோட்டீஸ் வரும்.

கிறிஸ்தவக் குடும்பங்களில் இதற்கு ஒரு தனி வரலாறு உண்டு. குமரியும் அடங்கியிருந்த பழைய திருவிதாங்கூரின் 1916-ஆம் ஆண்டு கிறிஸ்தவ வாரிசுச் சட்டம் மகளுக்கு மிகக் குறைந்த பங்கே கொடுத்தது. மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986-இல் உச்ச நீதிமன்றம், முன்னாள் திருவிதாங்கூர் பகுதிக்கு 1951 முதலே 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. அந்தச் சட்டத்தில், உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. 'சீதனம் கொடுத்தாச்சே' என்ற வாதம் எடுபடாது. ஆகவே சகோதரிகள் உட்பட எல்லா வாரிசுகளும் கையெழுத்திட்ட விடுதலைப் பத்திரமோ பாகப்பிரிவினைப் பத்திரமோ பதிவாகி, பட்டாவும் பெயர் மாறிய பிறகுதான் கட்டுமானத்தைப் பற்றிப் பேச வேண்டும். பதிவுச் செலவைத் திட்ட மதிப்பீட்டிலேயே சேர்த்துவிடுங்கள். அந்தச் செலவுக்குப் பணம் இல்லாமல்தான் பல குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் தள்ளிப் போடுகின்றன.

வில்லங்கச் சான்று, பட்டா, மூலப் பத்திரம் ஆகிய மூன்றையும் ஒரே மேசையில் வைத்து, சர்வே எண்ணும் எல்லையும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். குமரி தமிழ்நாட்டோடு இணைந்த 1956 நவம்பர் 1-க்கு முந்தைய பத்திரங்கள் மலையாளத்தில் இருக்கக்கூடும்; அவற்றைப் படிக்கத் தெரிந்த பழைய ஆவண எழுத்தர் ஒருவரைத் தேடிப் பிடிப்பது பயன் தரும். அளவையர் வந்து கல் நாட்டும்போது நான்கு பக்கத்து வீட்டாரும் அங்கே நிற்கட்டும். வழிப்பாதை பத்திரத்தில் இருக்கிறதா என்பதையும் அன்றைக்கே கேட்டுவிடுங்கள். தென்னந்தோப்பு வழியாக நடந்து போக அனுமதிக்கும் அண்டை வீட்டுக்காரர், அதே வழியில் ஜல்லி லாரி போக அனுமதிப்பார் என்று எண்ணிவிட முடியாது.

கடலோர ஊர்களில் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகளும், தோவாளை, கல்குளம், விளவங்கோடு வட்டாரங்களின் மலையோரக் கிராமங்கள் சிலவற்றில் மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிகளும் குறுக்கே வரும். இந்த இரண்டு இடங்களிலும் எழுத்துப்பூர்வமான பதில் கையில் இல்லாமல் ஒரு கல்லைக்கூட இறக்க வேண்டாம். மற்ற இடங்களில் வேலை எளிதாகியிருக்கிறது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டும் வீட்டுக்கு, 2024 ஜூலை முதல் தமிழ்நாடு அரசின் ஒற்றைச் சாளர இணையதளத்தில் சுயசான்று முறையில் உடனடி அனுமதி கிடைக்கிறது.

வீடு மனைவியின் பெயரிலோ இருவர் பெயரிலோ இருக்கட்டும். அறக்கட்டளையின் பெயரிலோ சபையின் பெயரிலோ ஒருபோதும் இருக்க வேண்டாம்.

பணம்

தன்னார்வலர் உழைப்பால் வீடு பாதி விலைக்கு முடியும் என்று நம்பித் தொடங்குகிறவர்கள் உண்டு. அது நடக்காது. சிமெண்டும் கம்பியும் எம்-சாண்டும் (பாறையை உடைத்துச் செய்யும் மணல்) தன்னார்வமாக வருவதில்லை. கொத்தனாருக்கும் கம்பி கட்டுபவருக்கும் கூலி கொடுத்தே தீர வேண்டும். கையாள் கூலியிலும் மண்வேலையிலும் வண்ணம் பூசுவதிலும்தான் மிச்சம் பிடிக்க முடியும். அதிலும் ஒரு நியாயம் பார்க்க வேண்டும். கையாள் வேலையை நம்பி வாழும் பெண்களின் கூலியைப் பறித்து இன்னொரு ஏழைக்கு வீடு கட்டுவது சரியல்ல. அதே ஊரிலிருந்து ஒருவரையாவது முழுக் கூலிக்கு வைத்துக்கொள்ளுங்கள். வேலை தெரிந்த கையாள் ஒருவர் உடன் இருந்தால் பத்துக் கல்லூரி மாணவர்களும் ஒழுங்காக வேலை செய்வார்கள்.

அரசுத் திட்டத்தோடு சேர்ந்து செய்வதே சிறந்த வழி என்பது என் கருத்து. கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு அரசு 3.5 லட்சம் ரூபாய் தருகிறது. பிரதமரின் ஊரக வீட்டுத் திட்டத்தில் சமவெளிப் பகுதிக்கு அடிப்படை உதவி 1.2 லட்சம் ரூபாய். மாநில அரசு அதன்மேல் தன் பங்கைச் சேர்க்கிறது. சதுர அடிக்கு 2,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 360 சதுர அடிக்கு 7.2 லட்சம் ஆகும். அரசு தரும் பணத்துக்கும் இந்தத் தொகைக்கும் இடையிலுள்ள பள்ளத்தில்தான் குடும்பங்கள் வட்டிக்கு வாங்கி விழுகின்றன, அல்லது லிண்டல் (வாசல், ஜன்னல்களுக்கு மேல் வரும் விட்டம்) மட்டத்தில் வேலையை நிறுத்திவிடுகின்றன. லிண்டலோடு நின்று, கம்பிகள் துருவேறிக் கிடக்கும் வீடு உங்கள் பஞ்சாயத்தில் இருந்தால், புதிய வீட்டைத் தேடாமல் அதிலிருந்து தொடங்குங்கள். அரசுப் பணம் வேலை முடிந்த கட்டத்தைப் பார்த்துத்தான் விடுவிக்கப்படுகிறது. ஆகவே அடுத்த தவணை வரும் வரை வேலை நிற்காதபடி ஒரு கைமாற்று நிதியை வைத்திருப்பதே சபை செய்யக்கூடிய பெரிய உதவி. வட்டார வளர்ச்சி அலுவலகத்து ஓவர்சியரிடம் தொடக்கத்திலேயே வரைபடத்தைக் காட்டிவிட்டால், இடையில் 'இந்த அளவு திட்டத்தில் இல்லையே' என்ற பேச்சு வராது.

உள்ளூரில் நிதி திரட்டப் பழைய வழிகளே போதும். பிடியரிசிக் காணிக்கையை ஒரு வீட்டுக்காக ஓராண்டு ஒதுக்கும் சபைகளுக்கு அந்தத் தொகையின் அளவு வியப்பைத் தரும். தவக்காலச் சேமிப்பு, அறுப்பின் பண்டிகை ஏலம், திருமணத்தில் பந்தியின் ஓர் இனத்தைக் குறைத்து அந்தப் பணத்தைக் கதவு ஜன்னலுக்குக் கொடுப்பது ஆகியவை எல்லாம் சேர்ந்தே வீடாகும். நன்கொடைக்கு 80ஜி வருமானவரிச் சலுகை தரும் அமைப்பாக இருந்தால், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தவருக்கு அந்தச் சலுகை கிடைக்காது என்பதை முன்பே சொல்லிவிடுங்கள்.

வெளிநாட்டுப் பணத்தில் மிகுந்த கவனம் தேவை. வளைகுடாவில் வேலை செய்யும் நம் ஊர்க்காரர் இந்தியக் குடிமகனாகவே இருந்து, தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படுவதில்லை. அமெரிக்காவிலோ பிரிட்டனிலோ குடியுரிமை பெற்றுவிட்ட அண்ணன் அனுப்பும் பணம், அவர் பிறந்தது மார்த்தாண்டம் என்றாலும், வெளிநாட்டு நன்கொடைதான். 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ்ப் பதிவு இல்லாத அமைப்பு அதைத் தொடக் கூடாது. 2020 திருத்தத்துக்குப் பிறகு, பதிவு பெற்ற இன்னொரு அமைப்பு வாங்கி உங்களுக்கு மாற்றிக் கொடுக்கவும் வழியில்லை. 'மறைமாவட்டத்தின் கணக்கில் போட்டு எடுத்துக்கொள்ளலாம்' என்று யாராவது ஆலோசனை சொன்னால், அதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் தணிக்கையாளரிடம் போங்கள்.

எப்போது கட்டுவது

தென்மேற்கு, வடகிழக்கு என்னும் இரண்டு பருவமழைகளும் நன்றாகப் பெய்யும் மாவட்டம் நம்முடையது. எனவே கிறிஸ்துமஸ் முடிந்து, மண் சற்று காய்ந்த ஜனவரி நடுவில் வானம் தோண்டி, மே மாத இறுதிக்குள் கூரையை வார்த்து முடிப்பதே பாதுகாப்பான கணக்கு. தவக்காலம் இந்த மாதங்களுக்குள்ளேயே வருவதால் ஆள் சேர்ப்பதும் எளிது. ஆவண வேலைகளை முந்தைய ஆண்டு ஜூன் மாதம் தொடங்கினால்தான் ஜனவரிக்குள் முடியும். கொடியேற்றி நடக்கும் பத்து நாள் திருவிழா உங்கள் பங்கில் எந்த மாதம் வருகிறது என்பதையும் அட்டவணையில் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் ஓர் ஆள்கூட வேலைக்கு வரமாட்டார்.

எதை யார் செய்வது

கட்டுமானப் பொறியாளர் ஒருவர் பெயரளவில் இல்லாமல் வாரம் ஒருமுறையாவது வந்து பார்க்க வேண்டும். நாகர்கோவிலைச் சுற்றிப் பொறியியல் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. சபையில் விசாரித்தால் ஓய்வுபெற்ற பொதுப்பணித் துறைக்காரர் ஒருவராவது கிடைப்பார். தலைமைக் கொத்தனார் கூலிக்கு வருபவராகவே இருக்கட்டும். கற்றுக்கொடுக்கும் பொறுமை அவருக்கு உண்டா என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள்; ஒரு கொத்தனாருக்கு நான்கு தன்னார்வலருக்கு மேல் ஒப்படைத்தால் அவருடைய வேலை கெடும்.

வானம் தோண்டுவது, கருங்கல் எடுத்துக் கொடுப்பது, தரைமட்டத்துக்குள் செம்மண் நிரப்பித் தண்ணீர் விட்டுத் திமிசால் இடிப்பது, மணல் சலிப்பது, செங்கல்லைத் தொட்டியில் ஊறவைப்பது, சுவருக்குத் தண்ணீர் தெளிப்பது, வெள்ளையடிப்பது ஆகிய எல்லாவற்றையும் தன்னார்வலர் செய்யலாம். மண் நிரப்பும் வேலையில் மட்டும் அவசரப்பட விடாதீர்கள். அரை அடிக்கு ஒரு படலமாகப் போட்டு இடிக்காமல், இரண்டு அடி மண்ணை ஒரேயடியாகக் கொட்டி மூடிவிட்டால், முதல் மழைக்குப் பிறகு தரை அமிழ்ந்து ஓடு வெடிக்கும். நிலை வைப்பது, தூக்குக்குண்டு பார்ப்பது, கம்பி கட்டுவது, சாரம் அமைப்பது, மின்வேலை ஆகியவை தொழில் தெரிந்தவர்களுக்கு உரியவை.

சுவருக்கு எலிப்பொறிக் கட்டைக் கருதிப் பாருங்கள். செங்கல்லைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டும் இந்த முறையில் ஒன்பது அங்குலச் சுவருக்கு ஏறக்குறைய கால் பங்கு செங்கல் மிச்சமாகும்; வீட்டுக்குள் வெயிலின் தாக்கமும் குறையும். திருவனந்தபுரத்தில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் இதைப் பரவலாக்கினார். குவேக்கர் சபையைச் சேர்ந்த அவர் தொழுநோயாளருக்கான கிறிஸ்தவ மருத்துவப் பணிக்காக இந்தியா வந்தவர். அங்குள்ள காஸ்ட்ஃபோர்டு நிறுவனத்தின் கட்டடங்களை ஒரே நாளில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். உங்கள் கொத்தனாரையும் கூட்டிச் செல்லுங்கள், ஏனென்றால் கண்ணால் பார்க்காத முறையில் அவர் நம்பிக்கையோடு கட்ட மாட்டார். செங்கற்கள் ஒரே அளவாக இல்லையென்றால் இந்த முறையை விட்டுவிடுங்கள். நிலைக்கும் ஜன்னலுக்கும் அயினி, பலா மரங்கள் நன்கொடையாகக் கிடைத்தால் நல்லது. விலைக்கு வாங்க வேண்டுமானால் காங்கிரீட் நிலையே மலிவு, கறையானும் அதை ஒன்றும் செய்யாது.

கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் கட்டும் வீட்டுக்கு உள்நாட்டு அளவுகள் பொருந்தா. உப்புக்காற்று கம்பியைத் தேடி வரும். இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 456, லேசான சூழலில் 20 மில்லிமீட்டராக இருக்கும், கம்பியை மூடும் காங்கிரீட்டின் கனத்தைக் கடுமையான கடலோரச் சூழலுக்கு 45 மில்லிமீட்டராகவும், காங்கிரீட்டின் வலிமைத் தரத்தை எம்-20-லிருந்து எம்-30 ஆகவும் உயர்த்தச் சொல்கிறது. கடற்கரை மணலை இலவசமாகக் கொண்டுவந்து தருகிறேன் என்று யார் சொன்னாலும் ஏற்க வேண்டாம். ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் பிரச்சினை வேறு: கணவாய்க் காற்று. அங்கே முன்பக்கச் சார்ப்புக்குத் தகடு போட்டால், ஒவ்வொரு தகட்டையும் கொக்கி ஆணியால் சட்டத்தோடு இறுக்கியே தீர வேண்டும்.

வார்ப்பு நாள்

எல்லாரும் வர விரும்பும் நாள் இது. அதனாலேயே ஆபத்தும் அதிகம். முந்தைய மாலையே பொறியாளர் முட்டுகளைத் தட்டிப் பார்த்து, கம்பிக்கு அடியில் கவர் பிளாக் (கம்பியைப் பலகையிலிருந்து உயர்த்தி நிறுத்தும் சிறு கட்டை) வைத்திருப்பதை உறுதி செய்து, கையெழுத்திட்ட பிறகே கலவை இயந்திரம் இறங்க வேண்டும். கூரையின் மேல் எத்தனை பேர் நிற்கலாம் என்பதைத் தலைமைக் கொத்தனார் சொல்லட்டும். மற்றவர்கள் கீழே நின்று சட்டி கைமாற்றலாம்.

300 சதுர அடிக் கூரையை நாலரை அங்குலக் கனத்தில் வார்க்க ஏறக்குறைய 3.2 கனமீட்டர் காங்கிரீட் வேண்டும். கடலிலிருந்து தள்ளியுள்ள வீட்டுக்குரிய 1:1½:3 (சிமெண்ட், மணல், ஜல்லி) கலவையில் அதற்கு 26 மூட்டை சிமெண்ட் பிடிக்கும். விட்டமும் சன்ஷேடும் தனி. மூட்டைகளை முதல்நாளே எண்ணி, தரையில் படாமல் பலகைமேல் அடுக்குங்கள்.

அந்த நாளில் ஒருவரை மட்டும் தண்ணீருக்குப் பொறுப்பாக நிறுத்த வேண்டும், அவர் கொஞ்சம் பிடிவாதக்காரராக இருப்பது நல்லது. ஐ.எஸ். 456 அட்டவணைப்படி எம்-20 தரத்துக்குரிய விகிதக் கலவையில் 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு 30 லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடாது. எம்-சாண்ட் ஈரமாக இருந்தால் அதிலும் குறைக்க வேண்டும். நேரம் ஆக ஆக, சட்டி சுமப்பவர்களுக்குக் கை வலிக்கும். கலவை இளகலாக இருந்தால் தள்ளிப் பரப்புவது எளிது. 'அரை வாளி விடப்பா' என்று மேலிருந்து ஒரு குரல் வரும். அந்த அரை வாளி பத்து ஆண்டுகள் கழித்து விட்டத்தில் விரிசலாகவும் கசிவாகவும் இறங்கும். அளவு வாளியில் கோடு போட்டு வைத்து, அதைத் தாண்டி ஊற்ற விடாமல் நிற்பவர்தான் அன்றைக்கு அங்கே மிக முக்கியமான தன்னார்வலர்.

மறுநாள் காலையில் கூரைமேல் சிறு சிறு பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும். இன்று கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது கலப்புச் சிமெண்ட் என்பதால் குறைந்தது 10 நாள் நனைவு தேவை. ஏப்ரல், மே வெயிலில் 14 நாள் வைத்துக்கொள்ளுங்கள். இதைக் குடும்பத்தின் உழைப்புப் பங்காகவே ஒதுக்கிவிடலாம். முட்டுகளை 14 நாளுக்கு முன் தொட வேண்டாம். பணம் முடிந்துபோனால் கைப்பிடிச் சுவரைத்தான் முதலில் விட்டுவிடுவார்கள். ஆனால் புது வீட்டின் மெத்தைக்கு (மொட்டை மாடிக்கு) கைப்பிடிச் சுவர் கட்டும்படி உபாகமம் 22:8 நேரடியாகவே கட்டளையிடுகிறது.

பாதுகாப்பும் சாப்பாடும்

பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களைச் சாரத்திலோ, ஆழமான பள்ளத்திலோ, கூரைமேலோ ஏற்ற வேண்டாம். தலைக்கவசமும் மூடிய காலணியும் இல்லாதவருக்கு அன்றைக்கு மணல் சலிக்கும் வேலைதான். தன்னார்வலர் அனைவருக்கும் குழு விபத்துக் காப்பீடு எடுத்துவிடுங்கள். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தின் உதவிகள் பதிவு பெற்ற தொழிலாளிக்குத்தான் கிடைக்கும், உங்கள் கல்லூரி மாணவருக்குக் கிடைக்காது. சிமெண்ட் கலவையைத் தொடும் கைகளுக்கு ரப்பர் கையுறை வேண்டும்.

சாப்பாட்டுச் செலவை அந்தக் குடும்பத்தின் தலையில் போடாதீர்கள். விருந்தோம்பல் என்று நினைத்து அவர்கள் கடன் வாங்கிக் கோழி வாங்குவார்கள். கஞ்சியும் பயறும், அல்லது அவித்த மரச்சீனிக்கிழங்கும் மீன்குழம்பும் என்று முறைவைத்து அன்பியங்களோ பெண்கள் ஐக்கியமோ சமைத்துக் கொண்டுவரட்டும். பதினொரு மணிக் கட்டன்சாயா தவறக் கூடாது.

ஒப்படைத்த பிறகு

கழிப்பறைக் குழி கிணற்றிலிருந்து குறைந்தது 10 மீட்டர் தள்ளி இருக்கிறதா என்று பார்த்த பிறகே சாவியைக் கொடுங்கள். பக்கத்து வீட்டுக் கிணற்றையும் இந்தக் கணக்கில் சேருங்கள். பால்காய்ப்பு எப்படி நடக்க வேண்டும் என்பதைக் குடும்பமே முடிவு செய்யட்டும். இந்துக் குடும்பமானால் அவர்கள் வழக்கப்படி நடக்கும். போதகர் விருந்தினராகப் போய் உட்காரலாம். நன்கொடையாளர் பெயர் பொறித்த கல்வெட்டை முகப்பில் பதிக்க வேண்டாம், நாளெல்லாம் அதைக் கடந்து பள்ளிக்குப் போகப்போகிறவர்கள் அந்த வீட்டுப் பிள்ளைகள்.

தவணையைக் குடும்பத்தின் வருமானம் வரும் விதத்தில் அமையுங்கள். பால்வெட்டுத் தொழிலாளிக்கு மழை மாதங்களில் வேலை குறைவு. அந்த மாதங்களில் தவணையைப் பாதியாக்கிவிட்டு, பின்னர் கூட்டிக்கொள்ளலாம். வாங்கும் பணத்துக்கு ரசீது கொடுத்து, தனி வங்கிக் கணக்கில் சுழல்நிதியாக வைத்து, நிலுவை யாருக்கு எவ்வளவு என்பதை ஆலயத்தில் வாசிக்காமல், கணக்கை மட்டும் ஆண்டுக்கு ஒருமுறை சபைக்கு முன் வைக்க வேண்டும். மூன்று தவணை தவறினால் இருவர் நேரில் போய்க் காரணத்தைக் கேளுங்கள். நோயோ சாவோ என்றால் தள்ளி வைக்கலாம், தள்ளுபடி செய்வதானால் குழுவின் தீர்மானமாக எழுதிவையுங்கள்.

ஜூன் மாத முதல் பெருமழை பெய்த வாரத்தில் பொறியாளரும் கொத்தனாரும் அந்த வீட்டுக்குப் போய், கூரையும் சுவரும் சேரும் இடம், ஜன்னலுக்கு மேல் சன்ஷேட், கழிப்பறைத் தரை ஆகிய மூன்றையும் பார்த்துவிட்டு வர வேண்டும். கொத்தனாரின் கூலியில் பேசி வைத்த ஒரு சிறு பகுதியை இந்தப் பார்வைக்குப் பிறகு கொடுப்பது என்று தொடக்கத்திலேயே எழுதிக்கொண்டால், கசிவைச் சரிசெய்ய அவரைத் தேடி அலைய வேண்டியிராது. வரைபடம், கம்பி விவரம், மின்கம்பி போன பாதை ஆகியவற்றின் ஒரு நகலை உறையிலிட்டு வீட்டுக்காரியிடம் கொடுங்கள். பின்னாளில் மகன் மாடி எடுக்க நினைக்கும்போது அடித்தளம் எவ்வளவு தாங்கும் என்பதைப் பொறியாளர் அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.